இரவல் தாளம்

தமயந்தியின் கொண்டையைச் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்துக்கு அடியில் ஒரு மின்பட்டை ஒளிந்திருந்தது. அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே, எப்போதும் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு பூ வாங்கியிருந்தாள். பெண்ணைவிடப் பெண்ணின் அம்மா அதிகமாகப் பூ வைத்திருக்கிறாளே என்று பெண் பார்க்க வருகிறவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பட்டைக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஜனங்கள் தாளப்பட்டை என்று சொல்லிவிட்டார்கள். அதன் ஜோடி அந்த நேரத்தில் திருச்சியின் இன்னொரு மூலையில், கன்டோன்மென்ட் பக்கம் இருந்த, ஒருவரால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று சோதிக்கும் தன்பொறுப்பு மன்றத்தின் தேர்வு அறையில், அவளுடைய அண்ணன் நெடுமாறனின் தலையில் இருந்தது. தமயந்தியின் மூளையில் ஓடும் மின்னலைகளின் தாளம் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேர்வும் பெண் பார்ப்பதும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வந்து விழுந்தது தற்செயல் என்றுதான் தமயந்தி எல்லோரிடமும் சொன்னாள். தற்செயல் ஒன்றும் இல்லை. தேர்வுத் தேதி தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரை அன்று வரச் சொன்னாள். அண்ணன் வீட்டில் இருக்க மாட்டான் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே காலைப் பொழுது அதுதான். இதை நினைத்தபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு மாதிரி இருந்ததே தவிர, நாளை மாற்றவில்லை.

நெடுமாறனுக்கு மனச்சிதைவு. கல்லூரிக் கடைசி வருஷத்தில், கணக்குத் தேர்வுக்குப் போன பையன் விடைத்தாளில் ஒரு எழுத்துகூட எழுதாமல் திரும்பி வந்தபோது தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் அவனுக்கு வைத்தியம் பார்த்த அளவுக்கு அவனை மறைக்கவும் பாடுபட்டது. தமயந்தியின் கல்யாணத்தின்போது அவன் துபாயில் இருந்தான், அதாவது ஆஸ்பத்திரியில். அவள் மகள் கவின்மலருக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அப்போதும் அவனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரர் மடியை நீட்டினார். குழந்தை அந்நிய மடியில் வீறிட்டு அழுதது.

அம்மா போன பிறகு அவனைத் தமயந்திதான் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அதில் குறை சொல்ல முடியாது. மாடி அறையைக் கொடுத்தாள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தாள், அவன் சட்டையைத் தன் கையால் இஸ்திரி போட்டாள். ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவன் மாடியில் குடியிருக்கும் ஒரு சார் என்று சொல்லி வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் அவனிடமே, வாடகை அதிகமா என்று விசாரித்திருக்கிறார். பரவாயில்லைங்க, கட்டுப்படியாகுது என்று நெடுமாறன் பதில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். கேட்டைத் திறந்துகொண்டிருந்த தமயந்தியின் காதில் அது விழுந்தது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

தாளப்பட்டையைப் பற்றி முதலில் சொன்னவர் டாக்டர் ஹாஜிரா. நெடுமாறனைப் பல வருஷமாகப் பார்த்து வருபவர். மாத்திரை அவனுக்குக் கேட்கும் குரல்களை அடக்கிவிட்டது, ஆனாலும் அவனால் ஏன் ஒரு பக்கம் படித்து முடிக்க முடியவில்லை, கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்று ஏன் நின்றுவிடுகிறான் என்று தமயந்தி கேட்டதற்கு, டாக்டர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைக் காட்டினார்.

"இந்த ஃபேன் சத்தம் இவ்வளவு நேரமா உங்க காதுல விழுந்துச்சா? விழுந்திருக்காது. ஆனா இப்ப கரண்ட் போய் ஃபேன் நின்னா டக்குனு நிமிர்ந்து பாப்பீங்க. அந்த நேரத்துல மூளைல ஒரு மின்னலை எழும்பும். ஏதோ மாறிடுச்சு, கவனின்னு சொல்ற அலை. உங்க அண்ணனுக்கு அது ரொம்பச் சின்னதா வருது. எதைக் கவனிக்கணும், எதை விட்டுடணும்னு அவருக்கு உள்ள இருந்து சொல்ல ஆள் இல்லை. எல்லாமே ஒரே சத்தம். அறிவு குறைஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. அது அங்கேயே இருக்கு, கைக்கு எட்டல, அவ்வளவுதான்."

கைக்கு எட்ட வைக்கத்தான் பட்டை. நன்றாக ஓடும் ஒரு மூளையின் தாளத்தை வாங்கி, மெல்லிய மின்துடிப்பாக இன்னொரு மூளைக்குக் கொடுத்தால், அது அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். யாருடைய தாளமும் ஒட்டாது. கூடப் பிறந்தவர்களுடையதுதான் ஒட்டும். மன்றமும் இதை அனுமதிக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவதில்லையா, அதுபோலத்தான் என்று தீர்ப்பே வந்துவிட்டது.

தமயந்தி கேட்ட முதல் கேள்வி, நான் நினைப்பது எல்லாம் அண்ணனுக்குத் தெரியுமா என்பது. டாக்டர், எண்ணம் போகாது, தாளம் மட்டும்தான் போகும் என்றார். பிறகு ஒன்றை அழுத்திச் சொன்னார். கொடுப்பவர் பதறினால் தாளம் உடையும். அதனால் கை பாட்டுக்கு ஓடும் வேலையாக, மனசை அலட்டாத வேலையாகப் பார்த்துச் செய்ய வேண்டும். பல வேலைகளைச் செய்து பார்த்ததில் தமயந்திக்கு ஒத்து வந்தது முருங்கைக்கீரை ஆய்வது. அவள் கீழே உட்கார்ந்து கீரை ஆயும்போது நெடுமாறன் மாடியில் மளமளவென்று கணக்குப் போட்டான். வீட்டில் வாரம் முழுக்க முருங்கைக்கீரைதான். அவள் கணவன் பாலகுரு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட்டான்.

பட்டை போட்டிருந்த நேரங்களில் நெடுமாறன் வேறு ஆளாக இருந்தான். இல்லை, பழைய ஆளாக இருந்தான். ஒருநாள் மலரிடம் அவள் படிக்கும் கட்டிடக்கலைப் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு, பால்கனியில் மழைத்தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் சரிவு தப்பாக இருப்பதுதான் என்று பென்சிலால் வரைந்து காட்டினான். மலர் அந்தக் காகிதத்தைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்தாள். தமயந்தி அதைப் பார்த்துச் சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். கூடவே வேறு ஒன்றும் கலந்திருந்தது. இத்தனை வருஷமும் இவர் உள்ளே இப்படித்தான் இருந்தாரா, நாம் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு?

ஒருமுறை டாக்டரின் அறையில் பயிற்சி நடந்தபோது, தமயந்தி துணைத் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒரு குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எப்படியோ நிதானம் வந்து, யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கணீரென்று சொல்லி முடித்தாள். இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, டாக்டர் நெடுமாறனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். என்னவென்று அவள் கேட்கவில்லை.

தேர்வில் தேறினால் உறையூரில் அம்மா இருந்த வீட்டின் சாவி அவன் கைக்கு வரும். தன் பெயரில் தானே கையெழுத்துப் போடலாம், தனியே இருக்கலாம். தவறினால் ஐந்து வருஷம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அந்த ஐந்து வருஷமும் அவன் மாடியில் இருக்கவும் முடியாது. நாளைக்கு மாப்பிள்ளை வந்து போகிற வீடு என்று பாலகுரு தெளிவாகச் சொல்லிவிட்டான். மணப்பாறைப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் கேட்டு வைத்தும் விட்டான். நெடுமாறனுக்கு இது தெரியும். உறையூர் போனதும் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "என் வீட்டுக் கதவை நானே உள்பக்கம் தாழ் போட்டுக்கணும்" என்று சொன்னான். வேறு ஆசை எதுவும் சொல்லவில்லை.

அன்று காலை அவனை அழைத்துப்போக டாக்டரே காரில் வந்திருந்தார். கீரை வாங்கியாச்சா என்று கேட்டார். வாங்கியாச்சு என்றாள் தமயந்தி. பொய் இல்லை. கீரைக்கட்டு சமையலறை மேடையில்தான் இருந்தது, கிண்டி இறக்கிய கேசரிக்குப் பக்கத்தில். நெடுமாறன் அவள் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் படியிறங்கி வந்தான். வாசலில் நின்று மூச்சை இழுத்து முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினான். பாலகுருவின் ஆபீஸ்காரர்கள் சிலர் வருகிறார்கள் என்று, கேட்காத கேள்விக்குத் தமயந்தியே பதில் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டார் புதுக்கோட்டைக்காரர்கள். நல்ல மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரவல்லி அம்மாள் உட்கார்ந்ததுமே, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹால் மூலையில் மலரின் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த பென்சில் படத்தைப் பாராட்டினார். இது யார் வரைந்தது என்று அவர் கேட்டதற்கு, மலர் வாயைத் திறப்பதற்குள் பாலகுரு, இவள்தான், சதா எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள் என்று சிரித்தான். மலர் சிரிக்கவில்லை.

எல்லாம் நன்றாகவே போயிற்று. பெண்ணைப் பிடித்துவிட்டது, பையனையும் பிடித்துவிட்டது. கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். கல்யாணத்தை மண்டபத்தில் வைத்துக்கொள்வதா கோவிலில் வைத்துக்கொள்வதா என்கிற வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அப்போதுதான் சௌந்தரவல்லி அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"எங்க பக்கத்துல மாமன் மாலை போட்டுத்தான் பொண்ணை மணையில கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணும். தாய்மாமன் யாருங்க? நீங்க பேச்சே எடுக்கலையே. உங்களுக்கு ஒரு அண்ணன் வெளிநாட்டுல இருக்கறதா யாரோ சொன்னாங்க."

தமயந்தியின் கையில் பாதி குடித்த காபி இருந்தது. டம்ளர் டபராவில் கிடுகிடுவென்று ஆடியது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்பதாக அவளுக்குத் தோன்றியது. துபாய் என்று சொன்னால் எந்தக் கம்பெனி, எப்போது வருவார் என்று கேட்பார்கள். இருக்கிறார் என்று சொன்னால் இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த வீட்டின் படியேறி வருவார். பாலகுரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்புறம் அது நின்றது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, உடம்புக்குள் ஒரு நிதானம் வந்து உட்கார்ந்தது. டம்ளர் ஆடுவது நின்றது. மூச்சு சீரானது. தமயந்தி நிமிர்ந்து, சௌந்தரவல்லி அம்மாளின் கண்ணைப் பார்த்து, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"இல்லைங்க. அண்ணன்னு எனக்கு யாரும் இல்லை. எங்க அம்மாவுக்கு நான் ஒத்தப் பொண்ணு."

அப்படியா, யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க என்று அந்த அம்மாள் உடனே நம்பிவிட்டார். அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தாள். மாமன் முறையில் யாராவது மாலை போட்டால் போயிற்று என்று பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போனது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் பாலகுரு, ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு, நீ என்னடான்னா துளிகூடத் தடுமாறாம சொன்னே என்று மெச்சினான். தமயந்திக்கு அந்தப் பாராட்டில் ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மலர் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து போனாள்.

"மாமாவுக்கு நான் என்னம்மா சொல்றது?"

ஒன்றும் சொல்ல வேண்டாம், மாமா இங்கே இல்லையே என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் அந்தப் பெருமை எங்கே போயிற்றென்று தெரியாமல் கரைந்து, அதன் இடத்தில் கூச்சம் ஏறத் தொடங்கியது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் கொண்டையிலிருந்த பட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஹாஜிரா போனில் சுருக்கமாகப் பேசினார். அண்ணன் தேறவில்லை. உடனே கிளம்பி மன்றத்துக்கு வர முடியுமா? சாயங்காலம் முடிவில் முத்திரை விழுவதற்கு முன்னால் பேச வேண்டும்.

பாலகுரு நாளைக்குப் பார்க்கலாமே என்றான். பட்டுப்புடவையை மாற்றாமல், பூவை எடுக்காமல் அவள் ஆட்டோ பிடித்துப் போனாள்.

டாக்டர் அவளை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார். இரண்டு கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின. நீலம் தமயந்தியின் தாளம், சிவப்பு நெடுமாறனுடையது. காலையிலிருந்து இரண்டும் கைகோத்த மாதிரி ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் அவன் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியிருந்தான். பிறகு ஓரிடத்தில் நீலம் சிதறியது.

"இங்கே உங்க தாளம் உடைஞ்சுது" என்றார் டாக்டர். "கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தீங்களா?"

தமயந்தி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டாக்டர் அவளுடைய பட்டுப்புடவையையும் பூவையும் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

"நீலம் உடைஞ்சா சிவப்பும் கூடவே உடையணும். அதான் நடக்கும். ஆனா இதைப் பாருங்க."

சிவப்புக் கோடு அந்த இடத்தில் நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது.

"இது அவரோட சொந்த அலை. நான் அன்னைக்கு ஃபேனைக் காட்டிச் சொன்னேன்ல, ஏதோ மாறிடுச்சு, கவனின்னு சொல்ற அலை. இத்தனை வருஷத்துல அவருக்கு இவ்வளவு பெருசா வந்து நான் பாத்ததே இல்லை. தங்கச்சிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு கண்டுபிடிச்சிட்டார். அதுக்கப்புறம் கேள்வியைப் பாக்கவே இல்லை. கையை முழங்கால்ல வச்சுத் தட்ட ஆரம்பிச்சுட்டார்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தாளம் குடுக்க. பட்டைல தாளம் ரெண்டு பக்கமும் போகும் தமயந்தி. அவர் விரலால தட்டினா அவரோட அலை சீராகி உங்களுக்கு வந்து சேரும். பள்ளிக்கூடத்துல குழந்தை விழுந்துச்சுன்னு போன் வந்தப்பவும் இதைத்தான் செஞ்சார். அப்பவே கண்டிச்சேன். பரீட்சை அன்னைக்கு இப்படிச் செய்யாதீங்க, தங்கச்சி தடுமாறினா விட்டுடுங்க, உங்க தாளம் போயிட்டா நீங்க தேற மாட்டீங்கன்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினார். இன்னைக்கு நீங்க நிதானத்துக்கு வந்து, அது நிலைக்கிற வரைக்கும் தட்டியிருக்கார். அதுல பரீட்சையோட ஒரு பகுதி முழுக்கப் போச்சு. திரும்பி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுது."

நீலக்கோடு அதே இடத்தில் அழகாக, ஒழுங்காகச் சீராகிப் போயிருந்தது. தமயந்தி அதைப் பார்த்தாள். டபராவில் ஆடிய டம்ளர் நின்றது அங்கேதான். அண்ணன்னு எனக்கு யாரும் இல்லை என்று கணீரென்று சொன்னது அங்கேதான். வாய் கூசாமல் அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த அறையில் நிற்கவும் வெட்கமாக இருந்தது, வெளியே போகவும் வெட்கமாக இருந்தது. வெளியே அவன் உட்கார்ந்திருந்தான்.

மறுதேர்வு கேட்கலாம், ஆனால் ஒரு வழிதான் உண்டு என்றார் டாக்டர். தாளம் கொடுத்தவரால் தடங்கல் வந்திருந்தால், அவரே இன்றைக்கே மன்றத்தில் வந்து, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். சொல்வது மன்றத்தின் பொதுப் பதிவில் ஏறும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் தேடுகிற இடமே அதுதான் என்பது தமயந்திக்குத் தெரியும். அவளே மாப்பிள்ளை வீட்டாரை அங்கே தேடிப் பார்த்திருந்தாள்.

நெடுமாறன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பட்டை இன்னும் தலையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"மலர் விஷயம் நல்லபடியா முடிஞ்சுதா?"

உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். கேசரி கிண்டுகிற வாசனை மாடிக்கு வராதா என்றான் அவன். ஆபீஸ்காரர்களுக்கு யாரும் நெய் விட்டுக் கேசரி கிண்ட மாட்டார்கள் என்றும் சொன்னான். அதில் கோபம் இல்லை. அவனுக்குச் சிரிப்புகூட லேசாக வந்தது.

"நடுவுல நீ ரொம்பத் தடுமாறினே. உன்னை யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் சரியாயிடுச்சுல்ல? நல்லாப் பேசினியா?"

"நல்லாப் பேசினேன்."

அவள் குரல் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவன் விரல் முழங்காலில் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. தமயந்திக்குள் மறுபடி அதே நிதானம் வந்து உட்காரப் பார்த்தது. அவள் அவன் கையை அமுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம்ணா. இதை நானாத்தான் சொல்லணும்."

கொண்டைக்குள் விரலை விட்டுப் பட்டையைப் பிடுங்கினாள். பூவோடு கொண்டை அவிழ்ந்து விழுந்தது. பட்டை போனதும் நடுக்கம் முழுசாக வந்துவிட்டது. தாய்மாமன் யார் என்று கேட்டார்கள் என்பதையும், அதற்குத் தான் என்ன சொன்னாள் என்பதையும் துண்டு துண்டாகச் சொன்னாள். அவன் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவர்களை வரச் சொன்னதையும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர மறுத்தது. காலையில் அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.

நெடுமாறன் தன் பட்டையையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டானா, கேட்டது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா, தாளம் போன பிறகு எல்லாம் மறுபடி ஒரே சத்தமாகிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு பஸ் ஸ்டாண்டு படம் காட்டினாங்க" என்றான் கடைசியில், சொற்களைத் தேடித் தேடி. "அப்புறம் அதே படத்தை மறுபடி காட்டினாங்க. யார் இல்லைன்னு கேட்டாங்க. சுலபம்தான். குடை வச்சிருந்த ஆள். எனக்குத் தெரிஞ்சுது. சொல்றதுக்குள்ள நீ தடுமாறினே."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்றான். டாக்டர் போய்க் கொண்டு வந்தார்.

மன்றத்து உதவியாளர் கதவைத் திறந்து, தாளம் கொடுத்தவர் யார், பேசப் போகிறீர்களா இல்லையா, நேரமாகிறது என்றார். தமயந்தியின் கைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் சௌந்தரவல்லி அம்மாளின் பெயர். நிச்சயத்துக்கு நாள் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தமயந்தி போனைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, தலையை முடியக்கூட நிற்காமல் உள்ளே போனாள்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளுடைய பட்டுப்புடவையையும் அவிழ்ந்த தலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கமான குரலில் கேட்டார்.

"நெடுமாறன் உங்களுக்கு என்ன உறவும்மா?"

"அண்ணன். கூடப் பிறந்தவர்."

"தடங்கல் வந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

எதிரே ஒலிவாங்கி இருந்தது. அவள் அதன் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அண்ணனே இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

பக்கத்தில் இருந்தவர் தன் திரையைப் பார்த்துத் தலையை அசைத்தார். குரல் ரொம்ப நடுங்குது, பதிவாகலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றார்.

பின்னால் கதவு திறந்தே இருந்தது. பெஞ்சு அங்கிருந்து தெரியும் தூரம்தான். தமயந்தி மறுபடியும், சத்தமாகச் சொன்னாள்.